காலேஜ் டூர் போனால் பெயரைப் பதியுங்கள்: பதினோராம் வகுப்புப் பெற்றோருக்கு

போன கோடையில் நான் அடித்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே அமெரிக்காவில் ஐந்து மணி நேரம் கார் ஓட்டி மகளை ஒரு காலேஜுக்குக் கூட்டிப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. நாங்களே சுற்றினோம், நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம், போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம். அட்மிஷன் ஆபீஸ் நடத்தும் டூருக்குப் பதியாததால், அவர்கள் கணக்கில் நாங்கள் அங்கே வரவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நம்மில் பலர் அண்ணா பல்கலை கவுன்சலிங்கில் வந்தவர்கள். 200-க்கு எவ்வளவு கட்-ஆஃப், அதோடு சரி. அமெரிக்காவில் பல தனியார் காலேஜுகள் பிள்ளைக்குத் தங்கள்மேல் ஆசை இருக்கிறதா என்றும் பார்க்கின்றன. சீட் கொடுத்தால் எத்தனை பேர் வந்து சேருவார்கள் என்பது அவர்கள் கவலை. மார்க் அள்ளியிருந்தும் ஒருமுறைகூட எட்டிப்பார்க்காத பிள்ளையை, 'இது எங்கே நம்மிடம் வரப்போகிறது' என்று வெயிட்லிஸ்டில் தள்ளிவிடலாம்.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. பெர்க்லி, யூசிஎல்ஏ முதலிய கலிஃபோர்னியா பல்கலை வளாகங்களும் எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டும் இதைப் பார்ப்பதில்லை. மற்றவற்றுக்கு, காலேஜ் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடுங்கள்; அது காலேஜே வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு. அதன் சி7 அட்டவணையில் விண்ணப்பதாரரின் ஆர்வம் பற்றிய வரியைப் பாருங்கள். கணக்கில் எடுப்பதில்லை என்று இருந்தால் பெட்ரோல் மிச்சம்.

பல காலேஜுகள் வைத்திருக்கும் ஸ்லேட் மென்பொருளில், மெயிலைத் திறந்தார்களா, லிங்க்கை அழுத்தினார்களா என்பதுகூடப் பதிவாகும். என் மகளின் இன்பாக்ஸில் அறுநூறு மெயில் திறக்காமல் கிடந்தது. தூரத்துக் காலேஜ் என்றால் ஆன்லைன் கூட்டத்தில் பிள்ளை பெயரில், பிள்ளையின் மெயில் ஐடியில் பதிந்து உட்காரச் சொல்லுங்கள்.

பிள்ளை பெயரில் நீங்கள் மெயில் எழுதாதீர்கள். 'ரெஸ்பெக்டட் சார்' என்ற இடத்திலேயே அப்பா மாட்டிக்கொள்வார். விண்ணப்பத்தில் கேட்கும் 'ஏன் எங்கள் காலேஜ்' கட்டுரையையும் பிள்ளையே எழுதட்டும். பெயரை மாற்றினால் வேறு காலேஜுக்கும் பொருந்துவதை எழுதிப் பயனில்லை. மகள், அன்று நூலகப் படிக்கட்டுக்கு எதிரே பார்த்த, மாணவர்களே நடத்தும் சைக்கிள் ரிப்பேர் கடையை வைத்து எழுதினாள்.

ஆர்வத்தின் உச்சம் 'எர்லி டிசிஷன்' என்ற முன்கூட்டிய விண்ணப்பம். பெரும்பாலும் நவம்பர் 1 கெடு, ஒரே காலேஜ், கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். நிதியுதவி போதாவிட்டால்தான் விலக்கு. எச்4 விசாவில் (எச்1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளுக்கு அரசின் ஃபெடரல் உதவி கிடையாது. பல காலேஜுகள் உதவி விஷயத்தில் அவர்களை வெளிநாட்டு மாணவராகவே வைக்கும். வெப்சைட்டில் உள்ள கட்டணக் கால்குலேட்டர் காட்டும் தொகையை நம்பிக் கையெழுத்துப் போடாமல், நிதியுதவி ஆபீஸுக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். அந்த ஒரு மெயிலை மட்டும் நீங்களே எழுதலாம்.