உடையாத ஆவிப்படலம்: ஹைட்ரோஃபாயில் சிமுலேஷன் அனுபவங்கள்

மெஷ்மணி, பினாங்கு:
தண்ணீருக்குள் வைக்கும் இறக்கை (ஹைட்ரோஃபாயில்), கிளார்க்-ஒய் வடிவம், சாய்வு 8 டிகிரி, நீர் வேகம் நொடிக்கு 10 மீட்டர், கேவிடேஷன் எண் (அழுத்தம் குறைந்து நீர் ஆவியாவதற்கு எவ்வளவு தூரம் என்ற அளவு; சிறிதானால் ஆவி அதிகம்) 0.8. ஆவியாதலுக்கு ஷ்னெர்-சாவர் மாடல், கொந்தளிப்புக்கு கே-எப்சிலான் மாடல். முன்விளிம்பில் ஆவிப்படலம் வந்தது, உடைந்து மேகமாகப் பிரிய வேண்டியது அப்படியே ஒட்டிக்கொண்டது. மெஷ்ஷை (கணக்கிடும் கட்ட வலையை) நுணுக்கியும் அசையவில்லை. படலம் முடியும் இடத்தில் டர்புலன்ட் விஸ்காசிட்டி (கொந்தளிப்புக்காக மாடல் கூட்டும் பிசுக்கு) எக்கச்சக்கம்; சுவரை ஒட்டி எதிர்த்து வரும் மெல்லிய நீரோட்டம் அங்கேயே செத்துவிடுகிறது. அதைக் குறைக்க ரெபூ திருத்தம் என்ற சூத்திரம், அதில் அடுக்கு 10. சுத்த நீரிலும் சுத்த ஆவியிலும் எதுவும் மாறாது, இரண்டும் கலந்த இடத்தில்தான் விஸ்காசிட்டி சரியும். போட்டதும் அந்த நீரோட்டம் படலத்துக்கு அடியில் முன்விளிம்பு வரை ஓடி, அதை அறுத்தது. அறுந்த மேகம் சுருண்டு போய் நசுங்கிய கணத்தில் லிஃப்ட் (தூக்குவிசை) கோடு செங்குத்தாகத் துள்ளியது. அந்தத் துள்ளல்தான் இன்னும் உறுத்துகிறது.

கிள்ளான்காரன், கேஎல்:
எல்லாப் பழியும் விஸ்காசிட்டி தலையிலயா அண்ணே? ஆவியழுத்தம் (தண்ணி ஆவியாகத் தொடங்குற அழுத்தம்) என்ன வெச்சீங்க? ஓப்பன்ஃபோம் மென்பொருள் டுடோரியல்ல வர்ற 2300 பாஸ்கல் 20 டிகிரி தண்ணிக்கு. நம்ம ஊர்த் தொட்டியில 30 டிகிரி, 4246 பாஸ்கல். ஃபாயிலுக்குத் தூரத்துல தண்ணி அழுத்தம் 42,260 பாஸ்கல்னா, கேவிடேஷன் எண் நீங்க 0.80-ன்னு நினைக்கிறது நிஜத்துல 0.76. சோதனையில அளந்த படல நீளத்தோட பொருந்தாம போனா மாடலைத்தான் திட்டுவாங்க.

மெஷ்மணி:
நீளம் சரி. படலம் உடையாததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஈப்போரோடு:
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். எடுத்த எடுப்பில கேவிடேஷனை ஆன் பண்ணாதீங்க. ஆவி இல்லாம ஓட்டி, மேற்பரப்பில குறைந்தபட்ச அழுத்தக் கெழுவை (தூர அழுத்தத்தை விட எவ்வளவு இறங்குதுங்கிற எண்ணை) பாருங்க. மைனஸை எடுத்துட்டா அது கேவிடேஷன் எண்ணைத் தாண்டுற இடத்துலதான் ஆவி பிறக்கும். அப்புறம் தண்ணி வெளியேறுற அவுட்லெட் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க. ஸ்வார்ட்ங்கிற இன்னொரு ஆவியாதல் மாடல்காரங்க ஆவியாதல் கெழு 50, ஒடுங்கல் (ஆவி மறுபடி தண்ணியாகுறது) கெழு 0.01 ரெண்டையும் இழுத்து விளையாடுவாங்க. ஒரு கோணத்துக்குப் பொருந்தும், அடுத்த கோணத்துல உதைக்கும் லா.

அந்த லிஃப்ட் துள்ளலை நம்பாதீங்க. இன்கம்ப்ரஸிபிள் சால்வர்ல (தண்ணி அமுங்காதுன்னு கணக்குப் போடுறது), தண்ணி நுழையுற இன்லெட்ல வேகத்தைப் பூட்டிட்டா, ஆவியோட கன அளவு சுருங்கும்போது அவுட்லெட் வரைக்கும் உள்ள தண்ணி மொத்தமும் ஒரே நேரத்துல நகரணும். 2டி-யில அந்தத் துள்ளல் ஊதிப்போகும். அவுட்லெட்டை இரண்டு மடங்கு தள்ளி வெச்சு ஓட்டுங்க. உச்சம் மாறுச்சுன்னா அது டொமைனோட (கணக்குக்கு எடுத்த தண்ணிப் பகுதியோட) உச்சம், ஃபாயிலோடது இல்ல.