இடது ஃபெண்டரோடு வெளியே வந்தது

பழைய_இசட்:
கார்பன் ஃபைபர் பாகம் செய்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வண்டி டட்சன் 240இசட், பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். இடது முன் ஃபெண்டரின் (முன் சக்கரத்தை மூடும் தகடு) கீழ்ப்பகுதியைத் துரு அரித்துவிட்டது. மேற்பகுதி நன்றாக இருந்ததால், அதன்மீதே அச்சு எடுத்துக் கார்பனில் புதியது செய்ய ஒரு பட்டறையில் கொடுத்தேன். அச்சு ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் பல பூச்சு மெழுகும் பிவிஏ படலமும், அதன்மேல் அச்சின் மேற்பரப்பாகும் ஜெல்கோட், கண்ணாடி இழை என எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

அச்சைப் பிரிக்கும்போது நானும் அங்கே இருந்தேன். விளிம்பில் பிளாஸ்டிக் ஆப்புகளைச் செருகி, இடைவெளியில் காற்றைச் செலுத்தினார்கள். படக்கென்று ஒரு சத்தம். அச்சு கழன்றது, முகப்பு விளக்குக் குழிக்குப் பின்னாலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாளமும் அதனுடன் பெயர்ந்து வந்தது. வெறும் பெயிண்டாக இருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். பெயிண்டுக்கு அடியில், பள்ளத்தை நிரப்பி இழைக்கும் பட்டி விரல் தடிமனுக்கு! அதற்கும் அடியில் நசுங்கிய தகடு, சுத்தியல் தடங்கள், பள்ளத்தை வெளியே இழுக்கப் போட்ட துளைகள். எந்தக் காலத்திலோ யாரோ எதிலோ மோதியிருக்கிறார்கள்.

பட்டறைக்காரர் அந்தப் பாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அச்சைத் தடவிப் பார்த்து, "அச்சுக்கு ஒன்றும் இல்லை சார், மேற்பரப்பு பிரமாதமாக வந்திருக்கிறது" என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதில் பதிந்திருப்பது தொழிற்சாலையின் வளைவா, முகம் தெரியாத ஒரு டிங்கர் குத்துமதிப்பாக இழைத்த வளைவா? யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா?

ஸ்கேனர்_பிரியன்:
இதற்கு ஏன் இவ்வளவு வருத்தம்? வலது ஃபெண்டரை ஸ்கேன் செய்து, கணினியில் இடம் வலமாகத் திருப்பி, அடர்ந்த நுரைப்பலகையில் கடைந்தால் மாதிரி தயார். அச்சை அதன்மீது எடுத்துக்கொள்ளுங்கள். என் வண்டியின் பக்கவாட்டுக் காற்றுத் துவார மூடியை அப்படித்தான் செய்தேன். பாகத்தை அச்சோடு அழுத்திவைத்த வேக்குவம் பையைக் கிழித்துப் பாகத்தைத் தூக்கியபோது என் முகமே அதில் தெரிந்தது. 2026இல் உட்கார்ந்து மெழுகு பூசிக்கொண்டிருப்பானேன்?

நீள_மூக்கு:
ஸ்கேனர் நண்பரே, கையகல மூடியை வைத்துக்கொண்டு ஃபெண்டருக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். வலது ஃபெண்டரில் பட்டி இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?

என் வண்டி ஜாகுவார் ஈ-டைப். அதன் பானெட் ஒரே தகடு அல்ல, பல துண்டுகளை இணைத்து, அந்தந்த வண்டிக்கு ஏற்றபடி கையால் சரிசெய்து பொருத்தியது. ஆயத்தமாகக் கிடைத்த ஒரு கார்பன் பானெட்டை வாங்கி மூடினேன். இடது விளிம்பு படிந்தது, வலது விளிம்பு நகத்தின் உயரத்துக்குத் துருத்தி நின்றது. விற்றவரிடம் சண்டைக்குப் போகும் முன் சந்தேகத்துக்கு ஒரு முறை, இன்னொரு ஈ-டைப்பின் அசல் எஃகு பானெட்டைக் கழற்றி என் வண்டியில் வைத்துப் பார்த்தோம். அது இரண்டு பக்கத்திலுமே பொருந்தவில்லை! அதற்குப்பின் யாரிடம் சண்டை போடுவது? வளைவைத் தேடாதீர்கள் இசட், கதவோடும் பானெட்டோடும் இடைவெளி சீராக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எண்பது_டிகிரி:
வளைவு கிடக்கட்டும், வெயிலை யாருமே பேசவில்லையே. நண்பர் ஒருவரின் கறுப்புக் கார்பன் பானெட்டை உச்சி வெயிலில் திறந்து தாங்குகோல் கொடுத்தோம். கோல் முட்டிய இடம் மெல்ல மேலே பிதுங்கியது. ஆறிய பிறகும் அந்தப் பிதுக்கம் போகவில்லை. இவ்வளவுதான் என் கதை.

எனவே கேளுங்கள். கார்பன் துணியைப் பிணைக்கும் ரெசின் (பிசின்) எபாக்சி. அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி, அந்த வெப்பத்துக்குக் கொஞ்சம் மேலே போனாலே இளகத் தொடங்கிவிடும். வெயிலில் நிற்கும் கறுப்புப் பரப்பு 70 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே பாகத்தை அச்சிலிருந்து எடுக்காமலேயே சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும், அதுவும் படிப்படியாக. எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் என்பது ரெசின் தயாரிப்பாளரின் தாளில் இருக்கும். அதைப் படிக்காமல் டின்னைத் திறக்காதீர்கள். அச்சும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். மலிவான பாலியெஸ்டர் ரெசினில் செய்த அச்சு பாகத்துக்கு முன்பே கோணிக்கொள்ளும். இதைத் தவிர்த்தால் இன்னொரு தண்டனையும் உண்டு. முதல் கோடையில் மிச்ச ரெசினும் இறுகிச் சுருங்கி, பெயிண்டுக்கு மேலே கார்பன் துணியின் ட்வில் (சாய்வரி) நெசவு வரிவரியாகத் தெரியத் தொடங்கும். மேலே பூசும் தெளிவான வார்னிஷில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் எபாக்சி மஞ்சளாகிவிடும். தேய்க்கும்போது முகமூடி அவசியம். அந்தத் தூசு தோலில் பட்டாலே அரிக்கும், நுரையீரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைத்_தூள்:
கேட்காத பாடம் முடிந்ததா? நெசவு தெரிந்தால் தண்டனையாம். 1987இல் வந்த ஃபெராரி எஃப்40இல் மெல்லிய பெயிண்டின் வழியே நெசவு தெரிவதை ரசிகர்கள் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. கார்பன் டிக்கி மூடியில் கீலை அலுமினிய ரிவெட்டால் அடித்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு மழைக்காலம் கழித்துத் தூக்கினேன். மூடி கையோடு வந்தது, கீல் வண்டியிலேயே நின்றுவிட்டது. ரிவெட் இருந்த துளைகளில் வெள்ளைத் தூள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்; ஈரத்தில் அலுமினியத்தைத் தொட்டால் அரிப்பு அலுமினியத்துக்குத்தான். நடுவே ஒரு சுற்றுக் கண்ணாடி இழை போட்டு, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டால் முடுக்கியிருந்தால் போதும். அதைச் செய்யாமல் எடை குறைந்ததையே அரை மணி நேரம் புகழ்ந்தார் மூடியைச் செய்து கொடுத்த மனிதர்.

பழைய_இசட்:
நீள_மூக்கு சொன்னது மனதில் தைத்தது. காந்தத்தைத் துணியில் சுற்றி வலது ஃபெண்டர் முழுக்க நகர்த்திப் பார்த்தேன். சக்கர வளைவுக்கு மேலே ஓர் இடத்தில் பிடிக்கவே இல்லை, அங்கும் பட்டிதான். ஆக, ஸ்கேனும் வேண்டாம். இன்னொரு 240இசட்காரர் தன் வண்டியில் அட்டை வைத்து விளிம்பு வரைந்துகொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். அங்கும் முதலில் காந்தத்தைத்தான் எடுப்பேன், அவர் கோபித்துக்கொண்டாலும் சரி. அதுவரை அச்சில் கார்பன் துணி போட வேண்டாம் என்று பட்டறையில் சொல்லிவிட்டேன். எண்பது_டிகிரி, உங்கள் பாடத்தைப் பட்டறைக்காரரிடம் காட்டினேன். அச்சு பாலியெஸ்டர் இல்லை, வினைல் எஸ்டர் ரெசின்தானாம்.

எண்பது_டிகிரி:
வினைல் எஸ்டரில் எது என்று கேளுங்கள். எல்லாம் ஒரே சூட்டைத் தாங்காது.