உதவி: ஹிக்ஸ் முகடு 125-இல் வராமல் 136-இல் நிற்கிறது

திருநகர் மாணவி:
எம்.எஸ்சி. இறுதியாண்டு ப்ராஜெக்ட். ஜெனீவா பக்கம் சுமார் 91 கி.மீ. சுற்றளவில் திட்டமிடும் எதிர்கால வட்ட மோதுவிக்காக, எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி இசட், ஹிக்ஸ் என்ற இரண்டு துகள்களும் பிறக்கும் நிகழ்வுகளைப் பித்தியா என்ற உருவகப்படுத்தும் மென்பொருளில் உருவாக்கினேன். இசட் இரண்டு மியூவானாக (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்) சிதைந்தவற்றை மட்டும் எடுத்து, மொத்தத்தில் இசட்டைக் கழித்த மீதி நிறையைக் கணக்கிட்டால், ஹிக்ஸின் நிறையான 125 ஜிஇவி-க்குப் (துகள்களின் நிறைக்கும் ஆற்றலுக்குமான அலகு) பதில் 136 பக்கம் முகடு வருகிறது. வலப்பக்கம் நீண்ட வால் வேறு. மியூவான் ஜோடியின் நிறை சரியாக இசட்டின் நிறையான 91 ஜிஇவி-யில்தான் இருக்கிறது. இரண்டு ராத்திரி போய்விட்டது, அடுத்த வாரம் வைவா.

மாட்டுத்தாவணி வாசி:
ஜோடி சரியென்றால் கோளாறு அங்கே இல்லை, தங்கச்சி. எடை மேடை பார்த்திருப்பாய். லோடு லாரியின் எடையில் வெறும் லாரியைக் கழித்தால் சரக்கு எடை. தார்ப்பாயைப் பிரிக்கவே வேண்டாம். நீ செய்வதும் அதுதான். மொத்தம் என்று எதைப் போட்டாய்?

வைகைக்கரை:
இந்தக் கழித்தல் முறையில் ஹிக்ஸ் எதுவாகச் சிதைந்தாலும், கருவிக்கே தெரியாததாகப் போனாலும் எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கையிலிருந்து ஹிக்ஸ்–இசட் பிணைப்பின் வலிமை நேரடியாகக் கிடைக்கும். புரோட்டான்களை மோதவிடும் எல்எச்சி மோதுவியில் இது நடக்காது. புரோட்டானுக்குள் எந்தக் குவார்க் எவ்வளவு ஆற்றலோடு மோதியது என்று மோதலுக்கு மோதல் தெரியாதே. மொத்த எடையே தெரியாத லாரி அது.

திருநகர் மாணவி:
அண்ணே, நிகழ்வுகளை உருவாக்கியது மொத்த மோதல் ஆற்றல் 240 ஜிஇவி-யில். கணக்கிடும் நிரல் சீனியர் அக்கா தந்தது, ஜப்பானில் பேசப்பட்ட நேர்கோட்டு மோதுவிக்காக எழுதியது... ஐயோ, அதில் 250!

மாட்டுத்தாவணி வாசி:
சிக்கியது! 240-இல் இசட்டின் ஆற்றல் 104.8, உந்தம் 51.6. 250-இல் 104.8 போக 145.2. அதன் வர்க்கத்தில் 51.6-இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடு, 135.7 வரும். 240 போட்டால் 125.

வாலை மட்டும் வெட்டிவிடாதே, அது நிஜம். மோதுவதற்கு முன்பே எலக்ட்ரான் சில சமயம் ஒரு ஃபோட்டானை வீசிவிடும். அதுவும் மீதிக் கணக்கில் சேர்வதால் நிறை கூடித் தெரியும். தொடக்கக் கதிர்வீச்சை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்.

வைகைக்கரை:
ஹிக்ஸ் இல்லாமல் இரண்டு இசட் பிறக்கும் பின்னணி நிகழ்வுகளையும் சேர்த்தாயா? 91-இல் முகடு, அதன் வால் ஹிக்ஸுக்கு அடியில் வந்து படுத்திருக்கும். வைவாவில் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

திருநகர் மாணவி:
முகடு 125-க்கு வந்துவிட்டது! கதிர்வீச்சை அணைத்ததும் வாலும் பெரும்பாலும் காணோம். பின்னணியை ஓடவிட்டேன், பாதியில் கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரி அரை மணிதான் தாங்கும்.