ஓவியக் கல்லூரி மாணவர்களின் காமிக்ஸ்: வரைவது, அச்சிடுவது, பகிர்வது, தேடிப் பிடிப்பது

(மைக்கூடு, தூரிகைக்காரி, எழுத்தாணி, நடுப்பக்கம், பழைய கடை என்பவை இங்கே பேசுபவர்களின் புனைபெயர்கள்.)

மைக்கூடு:

முதன்முதலாகக் காமிக்ஸ் போடுகிற தம்பி தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள். நாற்பது பக்கக் கதையைக் கையில் எடுக்காதீர்கள். ஒரு ஏ4 தாளில் எட்டுப் பக்கப் புத்தகம் வந்துவிடும். பசையும் வேண்டாம், ஸ்டேப்ளர் பின்னும் வேண்டாம். ஒரே ஒரு கீறல் போதும்.

தாளைப் படுக்கையாக வையுங்கள். நீளவாக்கில் நடுவே ஒரு மடிப்பு, குறுக்கே மூன்று மடிப்பு போட்டால் எட்டுக் கட்டங்கள் விழும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 74க்கு 105 மி.மீ. இருக்கும். நீளவாக்கு மடிப்பில், நடுவிலுள்ள இரண்டு கட்டங்களின் அகலத்துக்கு மட்டும் பிளேடால் கீற வேண்டும். ஓரக் கட்டங்களில் பிளேடு படக்கூடாது. கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 8, 1, 2, 3. மேல் வரிசையில் 7, 6, 5, 4. மேலே உள்ள நான்கும் தலைகீழாக வர வேண்டும். 1 முன்னட்டை, 8 பின்னட்டை.

தவறு நடப்பது அந்தத் தலைகீழில்தான். அதனால் முதலில் வெற்றுத் தாளை மடித்துப் புத்தகமாக்குங்கள். பக்க எண்ணையும், மேல்பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறியையும் பென்சிலால் போட்டுவிட்டுத் தாளைப் பிரித்துப் பாருங்கள். எந்தக் கட்டம் எப்படித் திரும்பியிருக்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். ஜெராக்ஸ் இயந்திரம் தாளின் விளிம்பு வரை அச்சிடாது, ஓரத்தில் சுமார் 5 மி.மீ. வெள்ளையாக விட்டுவிடும். முகமோ எழுத்தோ அந்த இடத்தில் இருக்கக் கூடாது. கடையில் கொடுக்கும்போது ‘ஃபிட் டு பேஜ்’ போடாமல் 100 சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று சதவீதம் சுருங்கினாலும் மடிப்பு கட்டத்துக்குள் வந்து விழும்.

தூரிகைக்காரி:

மைக்கூடு அண்ணன் சொன்னதோடு கோட்டைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் ஏ3 தாளில் வரைந்து ஏ5 ஆகச் சுருக்குவார்கள். அப்போது எல்லாமே பாதியாகிவிடும். மைக்ரான் 005 பேனாவின் கோடு 0.20 மி.மீ., சுருக்கினால் 0.10. ஜெராக்ஸில் அது அங்கங்கே அறுந்து போகும். மெல்லிய கோட்டுக்கு 03 (0.35 மி.மீ.), வெளிக்கோட்டுக்கு 08 (0.50 மி.மீ.), அதைவிடத் தடிமனுக்குத் தூரிகை. நிழலுக்காகப் போடும் நெருக்கக் கோடுகளுக்கு நடுவே மூலத்தில் ஒரு மி.மீ. இடைவெளியாவது விடுங்கள். இல்லையென்றால் அச்சில் அப்படியே கறுப்புத் திட்டாக அடைத்துக்கொள்ளும்.

75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) ஜெராக்ஸ் தாளில் இந்தியன் இங்க் வேர்விட்டுப் பரவும். 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத கார்ட்ரிட்ஜ் தாளோ ஐவரி அட்டையோ வாங்குங்கள். ஐப்பசி மழையில் தாள் ஈரம் இழுத்திருக்கும், நல்ல தாளிலும் மை கசியும். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்து வேலைக்கு மட்டும் வெளியே எடுங்கள். உள்ளங்கை வியர்வை பட்ட இடத்தில் மை ஒட்டாமல் விலகும், அதற்குக் கைக்கடியில் ஒரு துண்டுத் தாள் போதும். மையில் தொட்டு வரையும் புது ஜி நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்காமல் தொட்டால் மை முத்து முத்தாக உருண்டு நிற்கும். ரப்பரை மை நன்றாகக் காய்ந்த பிறகே எடுங்கள், அவசரப்பட்டால் கறுப்பு சாம்பல் நிறமாகிவிடும்.

வெளிர்நீலப் பென்சிலில் வரைந்துவிட்டு மேலே மை போடுபவர்கள் கலரில் ஸ்கேன் செய்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரியும் மூன்று அடுக்குகளில் நீலச் சானலை மட்டும் எடுங்கள். அதில் நீலக் கோடு வெள்ளையோடு கலந்து மறைந்துவிடும்.

எழுத்தாணி:

மாணவர் காமிக்ஸில் படம் பிரமாதமாக இருக்கும், பலூனில் வசனம் மூச்சு முட்டும். படத்தை முடித்துவிட்டுக் கடைசியில் எழுத்துக்கு இடம் தேடுவதால் வருவது இது. எழுத்தை முதலில் பென்சிலில் எழுதுங்கள், அதைச் சுற்றிப் பலூன் போடுங்கள், மிச்ச இடத்தில் படம்.

தமிழ்ச் சொல் நீளமானது. ‘போய்க்கொண்டிருக்கிறான்’ ஒரே சொல். சின்னக் கட்டத்தில் அது ஒரு வரியையே விழுங்கிவிடும். பேச்சு வசனம் என்றால் ‘போறான்’ என்று முடிக்கலாம். உடைத்தே ஆக வேண்டுமென்றால் ‘போய்க் / கொண்டிருக்கிறான்’ என்று உடையுங்கள். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கவே கூடாது. ‘கொ’, ‘கை’ போன்றவற்றில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து மறு வரியிலும் பிரிந்து நிற்பதைக் கையெழுத்திலேயே பார்க்க முடிகிறது, கண் தடுக்கி விழும் இடம் அது.

அச்சில் ‘க’ 2 மி.மீ. உயரமாவது இருக்க வேண்டும். பாதியாகச் சுருக்குவதென்றால் மூலத்தில் 4 மி.மீ. வரிகளுக்கு நடுவிலும் அதே 4 மி.மீ. விடுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு இவ்வளவு வேண்டியதில்லை. நமக்கோ மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘ழு’வின் வாலும் முட்டிக்கொள்ளும்.

ஓசைச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதாதீர்கள். துப்பாக்கிக்கு ‘டுமீல்’ நம் காமிக்ஸ் வாசகருக்குப் பழகிய சொல். தடால், தொப், பளார், சர்ர்ர் என்று எவ்வளவோ இருக்கின்றன. கத்தலை நீட்ட இலக்கண வகுப்பில் படித்த அளபெடை கைகொடுக்கும்: ‘அய்யோஒஒ!’ ஓரெழுத்துக்கு ஓரெழுத்து சிறிதாக்கிக்கொண்டே போனால் குரல் தூரத்தில் தேய்வது போலவே தெரியும்.

கணினியில் எழுதுபவர்களுக்கு: பழைய ஃபோட்டோஷாப்பில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பும் காலும் பிரிந்து சிதறுகிறதா? எழுத்துருவில் குறையிருக்காது. விருப்பத் தேர்வுகளில் டைப் பகுதிக்குப் போய் ‘வேர்ல்டு ரெடி’ அமைப்புக்கு மாற்றிவிட்டுப் புதுக் கோப்பைத் திறந்துகொள்ளுங்கள். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள், அங்கே அந்த எழுத்துரு இல்லாமல் போகலாம். வண்ணப் பக்கமானால் வசனம் 100 சதவீதக் கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பு துளி விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிறம் பிசிறடிக்கும்.

நடுப்பக்கம்:

எட்டுப் பக்கத்தைத் தாண்டியவர்களுக்கு. பின் அடிக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகத்தான் இருக்க முடியும். 16 பக்க ஏ5 புத்தகத்துக்கு நான்கு ஏ4 தாள். வெளித்தாளின் ஒரு முகத்தில் 16, 1. மறுமுகத்தில் 2, 15. அடுத்த தாளில் 14, 3. பிறகு 4, 13. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் 17 வர வேண்டும், வராவிட்டால் எங்கோ மாறியிருக்கிறது. இரண்டு பக்க அச்சில் ‘ஷார்ட் எட்ஜ்’ (தாளைக் குட்டை ஓரம் வழியாகத் திருப்புவது) தேர்ந்தெடுக்கவில்லை என்றால் பின்முகம் தலைகீழாக வரும். முதலில் ஒரு பிரதி மட்டும் எடுத்து மடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் போடச் சொல்லுங்கள்.

நீளக்கை ஸ்டேப்ளர் இல்லையா? புத்தகத்தை விரித்து, அட்டை மேலே பார்க்கும்படி தெர்மாகோல் மேல் வையுங்கள். சாதாரண ஸ்டேப்ளரின் வாயைப் பிளந்து, மேலிருந்தும் கீழிருந்தும் 5 செ.மீ. தள்ளி முதுகுக் கோட்டில் அடியுங்கள். திருப்பி, கால்களை ஸ்பூன் முதுகால் மடக்குங்கள். பத்துத் தாளைத் தாண்டினால் நடுத்தாள் வெளியே துருத்தும். பின் அடித்த பிறகு இரும்பு ஸ்கேல் வைத்து ஓரத்தைச் சீவ வேண்டும்.

மைக்கூடு:

இணையத்தில் போடுபவர்களுக்கும் இரண்டு வரி. முழுப் பக்கத்தை அப்படியே ஏற்றாமல், கட்டங்களைப் பிரித்து 1080க்கு 1350 பிக்சலில் அடுக்குங்கள். கைபேசித் திரை ஏறக்குறைய 68 மி.மீ. அகலம் என்று வைத்தால் 2 மி.மீ. எழுத்துக்கு 32 பிக்சல் வேண்டும். கோட்டோவியத்தை ஜேபெக்கில் சேமித்தால் கோட்டைச் சுற்றித் தூசி படிந்தது போலாகும், பிஎன்ஜி நல்லது.

பழைய கடை:

தேடிப் படிப்பதும் பயிற்சிதான். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இலும் லயன் காமிக்ஸ் 1984இலும் தொடங்கின. சென்னையில் இருப்பவர்கள் மூர் மார்க்கெட்டின் லில்லி பாண்ட் வளாகக் கடைகளையும் திருவல்லிக்கேணி பாரதி சாலையின் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடைகளையும் பாருங்கள். வாங்குமுன் நடுத்தாளைத் தொட்டுப் பாருங்கள். பின் துருப்பிடித்துத் தளர்ந்தால் முதலில் கழன்று தொலைவது அதுதான். நியூஸ்பிரிண்ட் தாள் மஞ்சளாகி மொறமொறவென்று இருந்தால் ஓரத்தை மடக்காதீர்கள், ஒடிந்துவிடும். துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தைத்து வையுங்கள்.

ஒரு கதையை எடுத்து, ஒரு பக்கத்தைத் தீப்பெட்டி அளவுக் கட்டங்களாக மட்டும் திரும்ப வரையுங்கள். முகம் வேண்டாம். பலூன் எங்கே, கறுப்பு எங்கே என்பது போதும். மொழிபெயர்ப்புக் கதைகளில் ஆங்கில வசனத்துக்காக வரைந்த பலூனுக்குள் தமிழை நெருக்கி நிரப்பிய இடங்கள் கண்ணில் படும். எழுத்தாணி தங்கை சொன்ன 4 மி.மீ. கணக்கு ஏன் என்று அப்போது விளங்கும்.

உங்கள் புத்தகத்தின் பின்னட்டையில் மாதம், ஆண்டு, மொத்தம் எத்தனை பிரதி என்பதை மறக்காமல் எழுதுங்கள். நடைபாதையில் கிடைக்கும் பழைய மாணவர் வெளியீடுகளில் இது இல்லாததால் எந்த ஆண்டு, யார் போட்டது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.