டைனோசர் காலத்து ஊனுண்ணிகள் வேட்டையாடின என்பதற்கு என்ன சான்று?

கேள்வி – இளவழகன்

டைரனோசாரஸ் ரெக்ஸ் வேட்டையாடவில்லை, செத்துக் கிடந்தவற்றையே தின்று வாழ்ந்தது என்று தொல்லுயிரியலாளர் ஜாக் ஹார்னர் வாதிட்டதைப் படித்தேன். எலும்பில் பல் தடம் இருந்தால், அந்த விலங்கைக் கடித்தது உறுதி. ஆனால் உயிரோடு இருந்தபோது கடித்ததா, இறந்த பின்னா என்பதை எவ்வாறு பிரித்தறிகிறார்கள்? அக்காலக் கடலிலும் வானிலும் வாழ்ந்தவற்றைப் பற்றியும் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி – தேன்மொழி

ஆறிய காயத்தை விட வலுவான சான்று இல்லை. இறந்த விலங்கின் எலும்பு ஆறாது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், ஹெல் கிரீக் பாறை அடுக்கில் கிடைத்த வாத்தலகு டைனோசர் ஒன்றின் வால் முள்ளெலும்புகள் இரண்டுக்கு நடுவே டி. ரெக்ஸின் பல் ஒன்று முறிந்து சிக்கியிருந்தது. அதைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்ந்து, இரு முள்ளெலும்புகளும் ஒன்றாகக் கூடிவிட்டிருந்தன. அதாவது, கடிபட்ட விலங்கு தப்பி ஓடி, நெடுநாள் உயிரோடு இருந்திருக்கிறது. 2013இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகும் டி. ரெக்ஸை வெறும் பிணந்தின்னி என்பது நியாயமாகத் தோன்றவில்லை. பிணம் கிடைத்திருந்தால் அதையும் விட்டிருக்காது. இன்றைய சிங்கமும் கழுதைப்புலியும் இரண்டையும்தானே செய்கின்றன!

மறுமொழி – கதிரவன்

கடலைப் பொறுத்தவரை வயிற்றுக்குள் கிடைத்தவை நிறையச் சொல்கின்றன. மோசாசார் என்னும் கடல்வாழ் ஊர்வன இனத்தைச் சேர்ந்த டைலோசாரஸ் ஒன்றின் வயிற்றுப் பகுதியில், பறக்க இயலாத ஹெஸ்பெரோர்னிஸ் என்ற பறவை, எலும்பு மீன், சுறா, சிறிய மோசாசார் ஒன்று ஆகியவற்றின் எச்சங்கள் சேர்ந்தே இருந்தன. இத்தனையும் செத்து மிதந்தவை என்று கொள்வது கடினம். மோசாசார்களுக்கு மேலண்ணத்திலும் பின்னோக்கி வளைந்த பற்கள் இருந்ததால், வாய்க்குள் சிக்கிய இரை நழுவுவது எளிதல்ல.

மறுமொழி – யாழினி

வானத்தில்தான் சான்று மறைமுகமானது. 1971இல் டெக்சாஸில் கண்டெடுக்கப்பட்ட கெட்சால்கோட்லஸின் சிறகு விரிப்பு ஏறத்தாழ 10 மீட்டர். இத்தகைய பறக்கும் ஊர்வனங்கள் நீர்ப்பரப்பை உரசியபடி மீன் பிடித்தன என்ற கருத்தை, கழுத்தின் விறைப்பும் தாடையின் அமைப்பும் ஏற்க இடந்தரவில்லை. நான்கு கால்களால் தரையில் நடந்து, பல்லற்ற நீண்ட அலகால் சிறு விலங்குகளைக் கொத்தி விழுங்கின என்று தொல்லுயிரியலாளர்கள் விட்டனும் நெய்ஷும் 2008இல் முன்வைத்த விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ருமேனியாவில் கிடைத்த ஹாட்செகோப்டெரிக்ஸ் என்ற மற்றொரு பறக்கும் ஊர்வனத்தின் கழுத்து இவற்றினும் தடித்தது. அதே பாறைகளில் பெரிய ஊனுண்ணி டைனோசர் எதுவும் கிடைக்காததால், அப்பகுதியின் தலைமை வேட்டை விலங்கு இதுவாகவே இருந்திருக்கலாம்.