புதுப்பிப்பு: மஞ்சள் டக்குமார் தெளிந்துவிட்டது

நான் வாங்கிய பழைய சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 கேமரா லென்ஸ் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் இருக்கிறது என்று போன மாதப் பதிவில் புலம்பியிருந்தேன் அல்லவா? அது அழுக்கு இல்லை. கண்ணாடியில் கலந்த தோரியம் என்ற உலோகத்தின் கதிரியக்கத்தால் வருஷம் போகப் போக ஏறும் மஞ்சள். புற ஊதா ஒளி பட்டால் தெளியும்.

வெயிலிலும் அந்த ஒளி இருக்கிறது என்பதால், பதிவைப் படித்த நீங்கள் மொட்டைமாடி வெயிலில் வைக்கச் சொன்னீர்கள். சூட்டில் லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸ் இளகி அப்பர்ச்சர் இதழ்களில் (ஒளி நுழையும் திறப்பைச் சுருக்கி விரிக்கும் தகடுகள்) படிந்தால் தொலைந்தது என்று பயந்தேன். அப்புறம் புற ஊதா எல்இடி விளக்கு வாங்கி, லென்ஸின் பின்பக்கம் வைத்து, அலுமினியத் தாள் சுற்றி ஒன்பது நாள் அலமாரிக்குள் விட்டேன். இப்போது வெள்ளைத் தாளில் வைத்தால் லேசான எலுமிச்சைச் சாயல்தான்.

நேற்று முழுத் திறப்பில் பாட்டியை எடுத்தேன். மூக்குத்தி பளிச், பின்னால் துளசி மாடம் புகையாய்க் கரைந்துவிட்டது. ஃபோகஸ் வளையம் மட்டும் இன்னும் இறுக்கம்.