சைவம் சாப்பிடும் அம்மா, முழங்கால் வலி அப்பா: கடலோர ரியோகானில் ஓர் இரவு சரிப்படுமா?

நீலவானம்:
வணக்கம். டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். அம்மாவும் அப்பாவும் நவம்பர் கடைசியில் முதல் முறையாக இங்கே வருகிறார்கள், இரண்டு வாரம் இருப்பார்கள். ஊர் சுற்றிக் காட்டுவது எப்படியும் நடக்கும், ஆனால் ஒரு ராத்திரியாவது கடலைப் பார்த்தாற்போல் இருக்கும் ரியோகானில், அதாவது பழைய பாணி ஜப்பானிய விடுதியில், அவர்களைத் தங்க வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அலுவலக நண்பர்களோடு ஒரு முறை அத்தாமி என்ற கடலோர வெந்நீர் ஊற்று ஊருக்குப் போயிருந்தேன். விடியற்காலையில் கழுத்து வரை வெந்நீரில் அமிழ்ந்தபடி, கடலிலிருந்து சூரியன் மேலே வருவதைப் பார்த்தபோது அம்மா நினைப்புதான் வந்தது.

ஆனால் அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. விடுதியின் பொது வெந்நீர்க் குளியலில் ஆடையில்லாமல் எல்லோரோடும் குளிக்க வேண்டும் என்று போனில் சொன்னதுமே "எனக்கு அதெல்லாம் வேண்டாம்டா, நீயும் அப்பாவும் போய்ட்டு வாங்க" என்று முடித்துவிட்டார். அப்பாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, போதாததற்கு முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டும். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு லட்சம் யென் வரை செலவழிக்கலாம். இப்படி அழைத்துப் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.

உப்புக்காற்று:
கட்டாயம் அழைத்துப் போங்கள் தம்பி. என் அம்மாவும் இதையேதான் சொன்னார்.

குளியல் விஷயத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பால்கனியிலேயே தனித் தொட்டி இருக்கிற அறை. இன்னொன்று 'காஷிகிரி', அதாவது விடுதியில் இருக்கும் சின்னக் குளியலறை ஒன்றை முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ உங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஒதுக்கிக் கொடுப்பது, உள்ளே தாழ் போட்டுக்கொள்ளலாம். சில இடங்களில் இது இலவசம், சில இடங்களில் தனிக் கட்டணம். நாங்கள் அத்தாமிக்குத் தெற்கே இருக்கும் இஸு தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் முதல் வகை அறை எடுத்தோம். அம்மா முதலில் ஓரத்தில் உட்கார்ந்து காலை மட்டும் விட்டார், பிறகு கையால் அள்ளித் தோளில் ஊற்றிக்கொண்டார், அப்புறம் நான் அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தால் விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போய், முகம் சிவந்து, விடுதியில் தரும் யுகாதா என்ற பருத்தி அங்கியைச் சுற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். "தண்ணி உப்புக் கரிக்குதே, கடல் தண்ணியா?" என்பதுதான் முதல் கேள்வி.

நிஜமாகவே உப்புத்தான். கடலோர ஊற்றுகளில் நிறைய உப்பு ஊற்றுகள். அந்த உப்பு தோல்மேல் மெல்லிசாகப் படிந்து வியர்வை ஆவியாவதைத் தடுக்கும், அதனால் வெளியே வந்த பிறகும் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்காது. நவம்பர் குளிரில் வயதானவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு விஷயம், 'ஓன்சென்' (வெந்நீர் ஊற்று) என்று போட்டிருந்தாலே கொதிக்கக் கொதிக்க வரும் என்று நினைக்க வேண்டாம். 1948ஆம் ஆண்டின் ஓன்சென் சட்டப்படி ஊற்றுக்கண்ணில் 25 டிகிரி இருந்தாலே போதும், அதுகூட இல்லாவிட்டால் பட்டியலில் உள்ள தாதுக்களில் ஏதாவது ஒன்று போதிய அளவு இருக்க வேண்டும். உடைமாற்றும் அறைச் சுவரில் தண்ணீரின் பகுப்பாய்வுத் தாள் மாட்டியிருப்பார்கள். ஊற்றின் வெப்பநிலை, சூடாக்குகிறார்களா, அதே தண்ணீரைச் சுழற்சியில் விடுகிறார்களா என்பதெல்லாம் அதிலேயே தெரியும். 'கென்சென் காகெநாகாஷி' என்றிருந்தால் ஊற்று நீர் தொட்டியில் விழுந்து வழிந்து போய்க்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அதுதான் பிடிக்கும்.

அப்பாவுக்கு 'வயோஷிட்சு' என்று கேளுங்கள். பாதி தத்தாமி என்ற கோரைப்பாய் விரித்த தரை, பாதி கட்டில் போட்ட அறை. இரவுச் சாப்பாடும் மேசை நாற்காலியில் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இப்போது நிறைய விடுதிகளில் அது சாதாரண ஏற்பாடு.

இன்னொன்று, மூன்று மணிக்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள். வழியில் இதையும் அதையும் பார்த்துவிட்டு ஆறு மணிக்குப் போனால் ரியோகானுக்குக் கொடுத்த காசு பாதி வீண். போனதும் மேசைமேல் ஒரு சின்ன இனிப்பும் கிரீன் டீயும் இருக்கும். வெறும் வயிற்றோடு வெந்நீரில் இறங்கித் தலை சுற்றிவிடக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள், அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

கீரைக்கட்டு:
குளியலைவிடச் சாப்பாடுதான் கஷ்டம் சகோ. அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் மாமியாரை அழைத்துப் போனபோது முன்பதிவுப் படிவத்தில் 'சைவம்' என்று ஒரு வார்த்தை எழுதியதோடு விட்டுவிட்டேன். அதை இறைச்சி மட்டும் வேண்டாம் என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். கடலோர விடுதியின் பெருமையே மீன்தானே. முதல் தட்டிலேயே பச்சை மீன் வந்தது, அடுத்து ஒரு முழு மீனைச் சோயா சாஸில் வேகவைத்துக் கொண்டுவந்தார்கள். சரி, டோஃபு இருக்கிறதே என்று பார்த்தால் சுடச்சுட வந்த டோஃபுவின்மேல் கட்சுவோ மீன் சீவல் ஆவியில் உயிருள்ளதுபோல் நெளிந்துகொண்டிருந்தது. மாமியார் அதைப் பார்த்துவிட்டுத் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. பரிமாறிய விடுதிப் பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது, பாவம். அவர் மேல் தப்பே இல்லை, சரியாகச் சொல்லாதது நான். அன்றைக்கு வெறும் சோறும் ஊறுகாயும்தான், அந்த ஊறுகாயில் என்ன இருந்தது என்று நான் கேட்கவே இல்லை.

கண்ணுக்குத் தெரிகிற மீனைவிடச் சிக்கல் 'தாஷி'. எல்லாச் சாறுக்கும் அடிப்படை அதுதான், பெரும்பாலும் கட்சுவோ சீவலோ குட்டிக் கருவாடோ போட்டு இறக்கியது. மிசோ சூப், காய்கறி வேகவைத்த நீர், நூடுல்ஸ் சாறு எல்லாவற்றிலும் இருக்கும். மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புராவின் மாவில் முட்டை சேர்ப்பதுண்டு, இறால் பொரித்த எண்ணெயிலேயே காயும் பொரிப்பார்கள். அதனால் முன்பதிவு செய்யும் முன்பே போனில் பேசுங்கள். "நிகு மோ, சகானா மோ, தாமாகோ மோ, கட்சுவோ தாஷி மோ தாபேராரெமாசென்" என்று சொல்லுங்கள், இறைச்சி, மீன், முட்டை, கட்சுவோ சாறு எதுவும் சாப்பிட முடியாது என்று பொருள். அப்புறம் "கொம்பு தாஷி வா தைஜோபு தெஸ்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள், கொம்பு சாறு என்றால் பரவாயில்லை என்று பொருள். கொம்பு என்பது கடற்பாசி, அதைக் கொண்டும் உலர்ந்த ஷீதாகே காளானைக் கொண்டும் அருமையான சாறு எடுக்கலாம், புத்த மடங்களின் சமையலே அப்படித்தான். முடியாது என்று விடுதிக்காரர் சொன்னால் வருத்தப்படாதீர்கள், நேர்மையாகச் சொல்கிறார் என்று நன்றி சொல்லிவிட்டு அடுத்த விடுதியைக் கூப்பிடுங்கள். கடைசி நாளில் சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

இஸு பக்கம் போனால் அம்மாவுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அங்கே மலை ஓடையில் விளையும் வாசாபி என்ற காரக் கிழங்கு பேர்போனது. பச்சைக் கிழங்கை அப்போதே துருவி, சூடான சோற்றில் வைத்து, சொட்டுச் சோயா சாஸ் விட்டுச் சாப்பிட்டால் மூக்கில் ஏறும், ஆனால் அடியில் ஒரு இனிப்பு இருக்கும். மீன் சீவல் தூவ வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

மாத்திரைப்பெட்டி:
அப்பா பற்றி மட்டும் சொல்கிறேன். கிளம்பும் முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். தொட்டித் தண்ணீர் வழக்கமாக 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். குளிர்ந்த அறையில் துணியைக் கழற்றிவிட்டு நேராகச் சூட்டில் இறங்கினால் அழுத்தம் ஒரேயடியாக ஏறும், கொஞ்ச நேரத்தில் இறங்கும், எழும்போது கண் இருட்டும். எங்கள் அப்பாவுக்கு அப்படி ஒரு முறை ஆனது, நான் பக்கத்தில் இருந்ததால் பிடித்துக்கொண்டேன். அதிலிருந்து முதலில் பாதத்தில், பிறகு கையில், கடைசியில் மார்பில் என்று வெந்நீர் ஊற்றிப் பழக்கிவிட்டுத்தான் இறக்குவேன். மார்புக்குக் கீழே மட்டும் தண்ணீர், ஐந்து நிமிடம் போதும், கைப்பிடியைப் பிடித்து மெதுவாக எழ வேண்டும். சாகே (அரிசி மது) குடித்துவிட்டு இறங்கவே கூடாது. தனியாக விடாதீர்கள்.

கடல்மணல்:
சுருக்கமாக ஒன்று. அம்மா கடைசி வரை ஒத்துக்கொள்ளாவிட்டால் கியூஷுவின் தென்கோடியில் இபுசுகி இருக்கிறது. யுகாதாவோடேயே கடற்கரையில் படுக்க வைத்து, ஊற்றால் சூடான மணலைக் கழுத்து வரை அள்ளிப் போடுவார்கள், பத்து நிமிடம் போதும். அலைச் சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும். அப்பாவுக்கு மட்டும் மருத்துவர் சரி என்றால்தான். ககோஷிமா வரை விமானத்தில் போக வேண்டும், அதனால் உங்கள் பட்ஜெட்டுக்கு அத்தாமிதான் பொருத்தம். கொதாமா என்ற புல்லட் ரயிலில் டோக்கியோவிலிருந்து முக்கால் மணி நேரம் சொச்சம். அத்தாமி நிலையத்து வாசலிலேயே கால் நனைக்கும் சின்னக் குளம் இருக்கிறது, அம்மாவுக்கு முதல் பழக்கம் அங்கேயே ஆகட்டும்.

நீலவானம்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று மூன்று விடுதிகளுக்கு போன் செய்தேன். இரண்டு இடத்தில் தாஷி இல்லாமல் முடியாது என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு வயதான அம்மா, சமையல்காரரிடம் கேட்டுவிட்டு அவரே திரும்பக் கூப்பிட்டு, கொம்புவில் செய்து தருகிறோம், உங்கள் அம்மாவுக்குக் காளான் பிடிக்குமா என்று கேட்டார். தனித் தொட்டியோடு வயோஷிட்சு, இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு 31,000 யென். கேட்கும் முன்பே சரி என்றுவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், 22ஆம் தேதியா 26ஆம் தேதியா?

உப்புக்காற்று:
26 தம்பி. 23ஆம் தேதி அரசு விடுமுறை, முந்தின நாள் இரவு விலையும் கூட்டமும் ஏறியிருக்கும். கிழக்குக் கரையில் அந்தச் சமயம் ஆறரை மணி சுமாருக்குச் சூரியன் வரும், ஆறு மணிக்கே அம்மாவைத் தொட்டியில் உட்கார வைத்துவிடுங்கள். யுகாதா கட்டும்போது இடது பக்கத்தை மேலே போடச் சொல்லுங்கள், வலது மேலே வந்தால் அது இறந்தவர்களுக்குக் கட்டும் முறை.